அறுநூறு கிராம் பிணம்

'வீ…ல்!'

பட்டப்பகல் பதினோரு மணி. காவல் நிலையமே அதிர்ந்தது.

எழுத்தர் நாற்காலியோடு பின்னால் சரிந்தார். லாக்கப்பில் இருந்த பிக்பாக்கெட் தானாகவே கையைத் தூக்கினான்.

"நான் இல்ல சார்… சத்தியமா நான் இல்ல!"

அலறியது மனுஷன் இல்லை.

மேஜை மேல் கிடந்த ஹார்ட் டிஸ்க்!

இன்ஸ்பெக்டர் பாய்ந்து போய் வயரைப் பிடுங்கினார். டிஸ்க் கடைசியாக 'டக்… டக்… டக்' என்று மூன்று தடவை இழுத்தது. அப்புறம் மூச்சு இல்லை.

"செத்துருச்சா சார்?"

"இதை கம்ப்யூட்டர்ல சொருகச் சொன்னது யாருய்யா?"

"நீங்கதான் சார்."

"வாயை மூடு!"

ஒரு கொலை வழக்கின் ஒரே சாட்சியை அந்த நிலையம் இப்படித்தான் பாதுகாத்தது.

மூன்று நாள் கழித்து, பிணம் இன்னொரு மேஜைக்கு வந்து சேர்ந்தது. எடை அறுநூறு கிராம். துணைக்கு ஒரு கோர்ட் உத்தரவு.

மேஜைக்குச் சொந்தக்காரியை எல்லோரும் 'டிஸ்க் டாக்டர்' என்பார்கள். பட்டம் எந்தக் காலேஜும் கொடுத்தது இல்லை. வயது நாற்பத்தாறு. மூக்கில் கண்ணாடி, நாக்கில் பிளேடு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு அறை. சுவர் முழுக்கப் பழைய டிஸ்குகள்… செத்த டிஸ்குக்கு உறுப்பு தானம் செய்ய.

வாரத்துக்குப் பத்துப் பேர் அவளிடம் வந்து அழுவார்கள். பத்துப் பேருக்கும் அவள் சொல்வது ஒன்றுதான். "காப்பி எடுத்து வெச்சுக்கணும்னு ஏன் தோணல?" அவர்கள் பேந்தப் பேந்த விழிப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

டிஸ்க் வந்த அன்றைக்கே அதன் மூடியைத் திறந்தாள். ஃபோனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள்.

"உள்ள மூணு அரிசி இருக்கே… யார் வேலை?"

"ஈரமா இருந்துச்சு டாக்டரம்மா. அரிசிக்குள்ள போட்டா காயும்னு ஒரு வீடியோல பார்த்தோம்."

"உப்பு, மஞ்சத்தூள் போடல?"

"அந்த வீடியோல அது சொல்லலையே…"

ஃபோனை வைத்துவிட்டாள். இதற்கு மேல் பேசினால் போலீஸ் அதிகாரியைத் திட்டிய குற்றத்துக்கு உள்ளே போக வேண்டியிருக்கும்.

இன்றைக்குக் காலை பதினோரு மணி. அவள் எதிரே மூன்று பேர்.

ஒருவர், இன்ஸ்பெக்டர். தொப்பை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

இரண்டாமவர், வக்கீல். நரைத்த தலை, இனிக்க இனிக்கப் பேச்சு. கட்சிக்காரியிடம் பைசா வாங்காமல் வழக்கு நடத்தும் உத்தமர்.

மூன்றாவது, அக்கா. தையல்காரி. சட்டைக் காலரில் குத்திய நாலு குண்டூசியைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருந்தாள். மூன்று ராத்திரி தூங்காத கண்.

அவளுடைய தங்கைதான் இந்தக் கொலை வழக்கில் லாக்கப்பில் இருப்பவள். வயது இருபத்தாறு. ஒரு பெரிய வீட்டில், பணக்காரப் பெரியவர் ஒருவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ். போன வாரம் அந்தப் பெரியவர் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்து செத்தார். "நர்ஸ்தான் தள்ளினா, என் கண்ணால பார்த்தேன்!" என்றார் அவருடைய மாப்பிள்ளை.

படிக்கு நேரே ஒரு கேமரா இருந்தது. அது படம் எடுத்துச் சேர்த்த பெட்டி, மீன் தொட்டிக்குக் கீழே இருந்தது. தொட்டி உடைந்து, பெட்டி நனைந்து, உள்ளே இருந்த டிஸ்க் போச்சு.

"சுருக்கமா சொல்லுங்க மேடம்," என்றார் வக்கீல். "மதியம் மூணு மணிக்கு கோர்ட். அந்தப் பொண்ணு குத்தத்தை ஒப்புக்கப் போகுது."

"ஒப்புக்க மாட்டா!" என்றாள் அக்கா.

"அம்மாடி… ஒப்புக்கிட்டா ஏழு வருஷம். நன்னடத்தைனு சொல்லி அஞ்சுல எடுத்துடுவேன். இல்லன்னா ஆயுள். உன் தங்கச்சி என் மக மாதிரி. கெடுதல் சொல்வேனா?"

"செய்யாததை ஏன் சார் ஒப்புக்கணும்?"

"அதுக்குத்தான் ஆதாரம் வேணும்மா. இருந்த ஆதாரம் தண்ணில போச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நீயே ஜட்ஜ்கிட்ட மனுவை நீட்டிட்ட… டிஸ்க்கை இங்க அனுப்பினாங்க. ஆனா செத்தது செத்ததுதானே?"

டிஸ்க் டாக்டர் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தாள்.

"செத்ததுனு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"பொ… பொழைச்சிடுச்சா?" என்றார் வக்கீல்.

"படிக்கிற முள்ளு நொறுங்கிப் போச்சு. அதே மாடல் டிஸ்க்ல இருந்து எடுத்து வேற மாட்டினேன். கீழ இருக்கற பச்சைப் பலகை கருகியிருந்துச்சு, அதையும் மாத்தினேன். தட்டுல கீறல் கொஞ்சம்தான். நூத்துக்குத் தொண்ணூறு வந்தாச்சு."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"கும்பிடாதீங்க. இன்னும் எதையும் திறக்கல. மூணு பேர் எதிர்லதான் ஃபைலைத் திறக்கணும்னு உத்தரவு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி… இன்ஸ்பெக்டர்! அந்த வீட்டுல கேமரா மாட்டி எத்தனை மாசம் ஆச்சு?"

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார். தலைகீழாகப் புரட்டினார். பிறகு நேராக்கினார்.

"எட்டு மாசம். பெட்டி, டிஸ்க் எல்லாமே புதுசு. பில் இருக்கு."

"எட்டு மாசம், ராத்திரி பகல் நிக்காம ஓடினா எத்தனை மணி நேரம்?"

இன்ஸ்பெக்டர் விரலை மடக்கினார். பத்து விரலும் தீர்ந்தது. அசடு வழிந்தார்.

"ஆறாயிரத்துக்கும் குறைவு," என்றாள் அவள். "ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எத்தனை மணி நேரம் ஓடினோம், எத்தனை தடவை ஆன் ஆனோம்னு தனக்குள்ளயே ஒரு மூலைல குறிச்சு வெச்சுக்கும். நான் எந்த டிஸ்க் வந்தாலும் முதல்ல அதைத்தான் பார்ப்பேன். கொண்டு வர்றவங்க பொய் சொல்லுவாங்க. டிஸ்க்குக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"சரி…?"

"இது ஓடியிருக்கறது பதினஞ்சாயிரம் மணி நேரம்!"

"அதெப்படி?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம் தடவை ஆன் ஆகி, ஆஃப் ஆகியிருக்கு. கேமரா டிஸ்க்கை ஒரு தடவை போட்டா கரண்ட் போற வரைக்கும் தூங்காது. இது காலைல ஆன் பண்ணி, சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போன டிஸ்க். ஏதோ ஒரு ஆஃபீஸ் கம்ப்யூட்டரோடது."

மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள்.

"அந்த வீட்டு டிஸ்க்கே இது இல்ல. எவனோ அசலை உருவிட்டு, இதைச் சுத்தியால நாலு போட்டு, தண்ணில முக்கி, பெட்டிக்குள்ள வெச்சிருக்கான்."

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நேராக இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே விரல்!

"நீங்கதானே! பெட்டியை எடுத்துட்டுப் போனது நீங்கதானே! அந்த மாப்பிள்ளைகிட்ட எவ்வளவு வாங்கினீங்க?"

"ஏய்… யாரைப் பார்த்து…"

"வேற யாரு தொட்டா? சொல்லுங்க!"

இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. லஞ்சம் வாங்காத ஆள் ஒன்றும் இல்லை அவர். ஆனால் இந்த வழக்கில் வாங்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யோக்கியமாக இருந்ததற்கு இப்படி மாட்டிக்கொண்டாரே!

வக்கீல் மேஜையைத் தட்டினார். குரல் கோர்ட்டுக்குப் போய்விட்டது.

"போலீஸ் அராஜகம்! ஒரு ஏழைப் பொண்ணு வாழ்க்கையோட விளையாடறீங்களா? விட மாட்டேன்! அம்மாடி, கிளம்பு. டிஸ்க் மாறிடுச்சுங்கறதே நமக்குப் போதும். மேடம், எதையும் திறக்க வேணாம். அப்படியே சீல் வெச்சிடுங்க!"

அக்கா நன்றியோடு அவரைப் பார்த்தாள். கிளம்பவும் செய்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் டிஸ்க் டாக்டர். "யாரோட டிஸ்க்னு பார்க்க வேணாமா?"

"எவனோ ஒருத்தன் பழைய டிஸ்க். அதுல என்ன இருக்கப் போகுது?"

"அழிச்சிட்டுத்தான் வெச்சிருக்கான். ஆனா அரைகுறையா அழிச்சிருக்கான். பட்டனை ஒரு தடவை அமுக்கினா எல்லாம் போயிடும்னு நினைக்கிற ரகம். எனக்குச் சோறு போடறதே அந்த ரகம்தான்."

"நேரம் இல்ல மேடம்!"

"திறங்க!" இன்ஸ்பெக்டர் அலறினார். "அது என் டிஸ்க் இல்லன்னு இவங்களுக்குத் தெரியணும். திறங்க டாக்டரம்மா!"

அவள் மவுஸை ஒரு தட்டு தட்டினாள்.

திரையில் ஃபைல்கள் சரசரவென்று இறங்கின. பாதிக்குப் பெயர் போயிருந்தது. ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் முழுசாக நின்றது. உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபைல்.

முதல் ஃபைலைத் திறந்தாள். படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

"என்ன டாக்டரம்மா? கொலைக்குத் திட்டமா?"

"அதைவிட மோசம். கவிதை!"

"கவிதையா?"

அவள் உரக்கப் படித்தாள். ஒவ்வொரு வரியையும் எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற முகத்தோடு படித்தாள்.

"உன் விழிகள் அனுப்பின சம்மன்…
என் இதயம் ஆஜர்!
வாய்தா கேட்காதே வசந்தமே…
ஜாமீன் இல்லாக் காதலடி இது!"

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நின்றார்.

சம்மன்… ஆஜர்… வாய்தா… ஜாமீன்…

மெதுவாக, மிக மெதுவாக, மூன்று தலைகள் ஒரே பக்கம் திரும்பின.

வக்கீல் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"ந… நாட்டுல எத்தனையோ வக்கீல் கவிதை எழுதறான்! அதுக்காக…"

"அடுத்து ஒரு ஃபோட்டோ," என்றாள் அவள்.

திரை முழுக்க வக்கீலின் முகம். கறுப்பு கோட்டு, கன்னத்தில் கை, ஜன்னலுக்கு வெளியே தூரத்துப் பார்வை. கவிதைப் புத்தகத்தின் பின் அட்டைக்காக எடுத்த போஸ்!

"சார்…" அக்கா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களா சார்?"

வக்கீல் பாய்ந்தார்!

மேஜை மேல் இருந்த டிஸ்க்கைப் பிடுங்கினார். வயர்கள் தெறித்தன. ஜன்னலை நோக்கி இரண்டே எட்டு… அறுநூறு கிராம் சாட்சி மூன்றாவது மாடியிலிருந்து வெளியே பறந்தது!

கீழே கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

"முடிஞ்சது!" வக்கீல் மூச்சு வாங்கச் சிரித்தார். "இப்ப என்னத்தைக் காட்டுவீங்க? ஆதாரமே இல்ல!"

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"வக்கீல் சார்… நொறுங்கினது உங்க கார்."

டிஸ்க் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. திரையில் அடுத்த கவிதை ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படி… இன்னும் ஓடுது?"

"சேதமான டிஸ்க்கை வெச்சு யாராவது வேலை பார்ப்பாங்களா? நேத்தே அச்சு அசலா வேற டிஸ்க்ல காப்பி எடுத்தாச்சு. நீங்க தூக்கிப் போட்டது வேலை முடிஞ்ச டப்பா. இருபது வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன்… காப்பி எடுங்க, காப்பி எடுங்கனு. ஒருத்தர் காதுலயும் ஏற மாட்டேங்குது!"

இன்ஸ்பெக்டரின் கை வக்கீலின் காலரில் விழுந்தது. இவ்வளவு வேகமாக அவர் எதையும் பிடித்ததே கிடையாது.

"போலீஸ் முன்னாடியே ஆதாரத்தை வீசறியா? சொல்லு! அசல் டிஸ்க் எங்க?"

"சொல்ல மாட்டேன். என் உரிமை எனக்குத் தெரியும்."

"அடிச்சுக் கேட்டா?"

"அதுக்கும் எனக்குச் சட்டம் தெரியும்!"

அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"மக மாதிரின்னீங்களே சார். அவ உங்களை நம்பி ஒப்புக்கறேன்னு தலையாட்டிட்டா. நேத்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, 'வக்கீல் சாருக்குச் சாப்பாடு குடுத்தியா அக்கா'ன்னு கேட்டா சார்."

வக்கீல் சுவரைப் பார்த்தார். மனசாட்சி என்று ஒன்று இருந்திருந்தால் அப்போது கொஞ்சம் உறுத்தியிருக்கும்.

மணி பன்னிரண்டே முக்கால்.

'ட்ரிங்… ட்ரிங்…'

வக்கீலின் ஃபோன்! திரையில் 'மாப்பிள்ளை' என்று மின்னியது.

வக்கீலின் வாயை இன்ஸ்பெக்டரின் கை பொத்தியது. இன்னொரு கை ஸ்பீக்கரைத் தட்டியது.

"சார்!" அந்தப் பக்கம் அவசரக் குரல். "உங்க ஆஃபீஸ் வாசல்லதான் நிக்கறேன். அந்த நர்ஸ் ஒப்புக்கிட்டதும் டிஸ்க்கைக் கையில குடுத்துடறேன்னீங்கள்ல? ஒப்புக்கத்தான் போறாளே… இப்பவே குடுத்துடுங்க சார். எனக்கு ராத்திரித் தூக்கமே இல்ல. அலமாரிச் சாவி குமாஸ்தாகிட்ட இருக்காமே? ஒரு வார்த்தை சொல்லிடுங்க!"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். தன்னால் முடிந்த இனிமையோடு பேசினார்.

"அங்கயே இருங்க. ஆள் அனுப்பறேன்."

"நல்லா இருப்பீங்க சார்!"

இருபது நிமிஷத்தில் அசல் டிஸ்க் வந்தது. கூடவே மாப்பிள்ளையும் வந்தார். இருவரும் வெவ்வேறு கான்ஸ்டபிள்களின் பிடியில்!

அந்த டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் முதல் வேலையாகக் காப்பி எடுத்தாள். அப்புறம்தான் படத்தை ஓட்டினாள். கொலை நடந்த தேதி. காலை ஒன்பது நாற்பது.

படியின் உச்சியில் பெரியவர். பக்கத்தில் மாப்பிள்ளை, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். பெரியவர் தலையை ஆட்டி மறுக்கிறார். திரும்புகிறார்…

முதுகில் இரண்டு கை!

பெரியவர் உருள்கிறார். கீழ் அறையிலிருந்து கையில் மருந்து டம்ளரோடு ஓடி வருகிறாள் ஒருத்தி. டம்ளரைப் போட்டுவிட்டு, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஆள் வரச் சொல்லிக் கத்துகிறாள். அந்தப் படத்தில் கத்தியது அவள் ஒருத்திதான்.

"என் தங்கச்சி…" என்று திரையைத் தொட்டாள் அக்கா. அப்போதுதான் அழுதாள்.

"படிச்ச ஆளு நீ!" இன்ஸ்பெக்டர் வக்கீலை உலுக்கினார். "இப்பவாவது வாயைத் திற!"

வக்கீலுக்குச் சட்டம் தீர்ந்துவிட்டது. வாய் திறந்தது.

"உயிலை மாத்தணும்னு பெரியவர் அன்னைக்குக் காலைல என்னை வரச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாதுனு எழுதணுமாம். நான் போகும்போது எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நர்ஸ் ஆம்புலன்ஸ்ல கூடவே போயிட்டா. நான் கேமரா பெட்டியைப் போட்டுப் பார்த்தேன்…"

"பார்த்துட்டு?"

"போலீஸ்ல குடுத்தா எனக்கு என்ன கிடைக்கும்? மாப்பிள்ளைகிட்ட விலை பேசினேன். ஆஃபீஸ்ல பழைய டிஸ்க் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. அதை எடுத்துட்டு வந்து மாத்திட்டு, மீன் தொட்டியை உடைச்சேன்."

"பொண்ணுக்கு நீயே வக்கீலா போனது?"

"ஒப்புக்க வைக்கத்தான்…"

"த்தூ!" என்றார் இன்ஸ்பெக்டர். அவரே துப்பும்படி ஒரு மனுஷன் நடந்துகொண்டால் வேறு என்ன சொல்ல?

"கடைக்குப் போய்ப் புதுசா ஒண்ணு வாங்கி உடைச்சிருந்தா தப்பிச்சிருப்பே," என்றாள் டிஸ்க் டாக்டர். "கொலைகாரனையே கறக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு டிஸ்க் வாங்க மனசு வரல. கஞ்சப் பிசினாறி!"

மணி இரண்டு. இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கிளப்பச் சொன்னார். அக்கா இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். மூன்று மணிக்குத் தங்கை கோர்ட்டில் வாயைத் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். நன்றி சொல்லக்கூட அவளுக்கு நேரம் இல்லை. டிஸ்க் டாக்டரும் எதிர்பார்க்கவில்லை. ஜன்னலில் நின்று, ஜீப் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்தாள்.

மாப்பிள்ளையை ஏற்றிய வேன் போய்விட்டது. அடுத்த வேனுக்காக வக்கீல் விலங்கோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள்.

வக்கீல் மெல்லக் கனைத்தார்.

"மேடம்…"

"என்ன?"

"அந்தக் கவிதைங்க… புது கம்ப்யூட்டருக்கு மாத்தும்போது அந்த ஃபோல்டர் விட்டுப் போச்சு. எல்லாம் தொலைஞ்சதுனு நினைச்சு ரொம்ப அழுதேன். வேற காப்பியே கிடையாது." குரல் தழுதழுத்தது. "ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தருவீங்களா? ரெண்டு, மூணு கவிதை பாதில நின்னு, வார்த்தையெல்லாம் கன்னாபின்னானு வருது. அதையும் கொஞ்சம் சரி பண்ணி…"

அவள் அந்த ஃபைல்களை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"டிஸ்க்ல கெட்டுப் போனதைத்தான் என்னால மீட்க முடியும், வக்கீல் சார். எழுதும்போதே கெட்டுப் போனதை ஒண்ணும் பண்ண முடியாது!"